தனி ஆளின் முகம்

கதிரேசன் ஐயாவுக்குத் தனிமை மேல் அப்படி ஓர் ஆசை. தாசில்தார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அந்த மலையடிவார மடத்துக்கு வந்த நாள் முதல் ஒரே பாட்டுத்தான்: "எனக்கு யாரும் வேண்டாம்."

மடத்தில் தனியறை நோன்பு என்று ஒன்று உண்டு. உள்ளே போனால் மூன்று வருஷம் மனித முகமே பார்க்கக் கூடாது. சோறு சுவரில் உள்ள ஓட்டை வழியாக வரும். போகுமுன் தலை, தாடி, புருவம் எல்லாவற்றையும் மழித்துவிட வேண்டும். பழைய உறவு எதுவும் உடம்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாதாம்!

அன்று மழித்தாயிற்று. உரித்த தேங்காய் மாதிரித் தலையோடு ஐயா குருவின் முன்னால் வந்து நின்றார். குரு தையல்நாயகி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். துறவுக்கு முன் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவர். எல்லாவற்றையும் துறந்தார், மைக்ராஸ்கோப்பை மட்டும் துறக்கவில்லை.

"வாசல்ல உங்க அக்கா வந்து உக்காந்திருக்காங்க," என்றார் குரு. "உங்க முகத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேங்கிறாங்க."

"வேண்டாம்மா. பார்த்தா எல்லாம் திரும்ப ஒட்டிக்கும்."

"எண்பதைத் தாண்டிட்டாங்க. நீங்க வெளியே வரும்போது அவங்க இருக்கணுமே?"

"அது அவங்க விதி. எனக்குன்னு இப்போ யாருமே இல்லம்மா. நான் தனி ஆள்."

என்ன கல்நெஞ்சம் பாருங்கள்! குரு கோபித்துக்கொள்ளவில்லை.

"தனி ஆளா? சரி, கண்ணை மூடுங்க."

இமையிலிருந்து நாலைந்து மயிரைச் சுருக்கென்று பிடுங்கினார். "ஐயோ!" என்று அலறினார் ஐயா. குரு மயிரைக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மைக்ராஸ்கோப்பில் செருகினார்.

"பாருங்க."

பார்த்தார். மயிரின் அடியில் புழு மாதிரி ஏதோ ஒன்று. எட்டுக் கால். கால்கள் அசைந்தன.

"சிவ சிவா! உயிரோட இருக்கு!"

"உண்ணி ஜாதி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அநேகமா வளர்ந்தவங்க எல்லார் முகத்துலயும் இருக்கும். பகல்ல மயிர்க்காலுக்குள்ள படுத்துக்கும். நீங்க தூங்கின பிறகு வெளியே வந்து கன்னத்துல நடமாடும். ஜோடி சேரும். திரும்பிப் போய் முட்டை போடும்."

"என் கன்னத்துலயா? குடித்தனமா?"

ஐயா கிணற்றடிக்கு ஓடினார். சீயக்காய் போட்டு, தோல் எரிய எரியத் தேய்த்தார். திரும்பி வந்து இன்னும் நாலு மயிர் பிடுங்கச் சொன்னார். அதிலும் இரண்டு இருந்தன.

"எங்கேர்ந்தும்மா வந்துச்சு? தினம் ரெண்டு வேளை குளிக்கிறவன் நான்!"

"குளியலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை ஐயா. முகத்தோட முகம் ஒட்டினாத்தான் தொத்தும். பெரும்பாலும், கைக்குழந்தையில நம்மைக் கன்னத்தோட கன்னம் வச்சுக் கொஞ்சினவங்ககிட்டேர்ந்து வரும். அப்புறம் அதோட வம்சம் நம்ம முகத்துலயே ஓடிக்கிட்டிருக்கும். உங்களைக் கொஞ்சினது அம்மாதானே?"

"அம்மா நான் பிறந்த அன்னைக்கே போயிட்டாங்க."

"அப்போ யாரு?"

ஐயாவின் கண் வாசல் பக்கம் போனது. கன்னத்துக்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

கையை எடுக்காமலே கேட்டார். "இதுங்களை விரட்ட வழியே இல்லையாம்மா?"

"இதுங்களை விரட்ட முடியாது ஐயா. வாசல்ல இருக்கிறவங்களை விரட்டலாம், அது சுலபம். நான் போய்ச் சொல்லிடட்டுமா?"