மாதர் சங்கத்தின் இரண்டு நிறம்

அந்த ஊர் மாதர் சங்கத்துக்குக் கத்தரிப்பூவும் மஞ்சளும்தான் நிறம். ஆண்டு விழா ஊர்வலத்துக்காக நாற்பது உறுப்பினர்களுக்கும் ரவிக்கை தைக்கும் வேலை தையல்காரி சற்குணத்துக்கு வந்தது.

தலைவி வேதநாயகி கண்டிப்பாகச் சொன்னாள்: “சங்கத்துப் பேரு தெருக்கோடி வரைக்கும் தெரியணும். ஆனா துணியில ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. நாகரிகம் முக்கியம். முடியலேன்னா வேற தையல்காரியைப் பார்த்துக்கறேன்.”

“முடியுங்கம்மா. எல்லாரையும் மஞ்சள் சேலை கட்டிட்டு வரச் சொல்லுங்க” என்றாள் சற்குணம்.

விழாவன்று நாற்பது பேரும் மஞ்சள் சேலையும் கத்தரிப்பூ ரவிக்கையுமாய் வரிசையில் நின்றார்கள். தலைவி ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டு, “பேரைக் காணோமே?” என்றாள்.

சற்குணம் தெருக்கோடியில் இருந்த பூக்காரியை உரக்கக் கேட்டாள். “அக்கா, இவங்க யாருன்னு தெரியுதா?”

“ஏன் தெரியாது? மாதர் சங்கத்து அம்மாக்கள். இந்த ரெண்டு கலரு ஊர்ல வேற யாருக்கு இருக்கு?”

வேதநாயகி பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டாள். “சரி, தலைவி பேரு எங்கே?”

“அதை எழுதினா நாகரிகம் கெட்டுடுமேங்கம்மா.”

முன்வரிசையில் எல்லோரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். வேதநாயகிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சற்குணத்தின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.