சீரா வந்த அஞ்சு மீனு

ஒரு ஊர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ஒரு மெஸ் இருந்துச்சாம். மெஸ்ஸுன்னா தெரியுமில்ல, இலையப் போட்டு, சோறு, சாம்பார், ரசம்னு வயிறு முட்டப் போடுவாங்களே, அது. காலை நீட்டிக்கோ. போர்வைய இழுத்துக்கோ. நான் ஒரு தடவைதான் சொல்லுவேன். நீ "ம்" கொட்டணும், கொட்டலன்னா பாதியிலயே நிறுத்திட்டு என் வேலையப் பாக்கப் போயிடுவேன். சரியா?

ம்.

அந்த மெஸ்ஸ நடத்தினது ராஜாமணின்னு ஒரு அம்மா. நல்ல தாட்டியான பொம்பள, கையில எப்பவும் ஒரு கரண்டி. அந்தம்மா வாயில "போதும்"ங்கற வார்த்தையே வராது. தபால்காரர் வந்தா காபி, பூனை வந்தா பால், காக்கா வந்தா வடை. யாரைப் பாத்தாலும் முதல் கேள்வி "சாப்ட்டாச்சா?"தான். இல்லன்னு சொல்லிட்டா போச்சு, கையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சிடும். அந்த வீட்ல எந்த உயிரும் பசியோட வாசப்படி தாண்டக் கூடாது, அது அவங்க வழக்கம்.

அப்போ அந்தம்மா பையன் கதிரேசனுக்குக் கல்யாணம் ஆச்சு. பொண்ணு பேரு சுகந்தி. சுகந்திக்கு ஒரு அண்ணன், தனபாலுன்னு. அவனுக்கு மீன் வளக்கறதுன்னா பைத்தியம். வீடு பூராத் தொட்டி. தங்கச்சி புருஷன் வீட்டுக்குக் கிளம்பறப்போ, பீரோ கட்டிலோட அண்ணன் சீரா ஒரு புதுக் கண்ணாடித் தொட்டியும் அஞ்சு மீனும் குடுத்து விட்டான். ரெண்டு கருப்பு மோலி, ரெண்டு ஆரஞ்சுக் குட்டி, அப்புறம் ஒரு ஏஞ்சல் மீனு. அது ரெக்கைய விரிச்சுக்கிட்டு நின்னா தாவணி கட்டின பொண்ணு மாதிரி அவ்ளோ அழகு.

ராஜாமணியம்மாவுக்கு ஒரே பெருமை. "என் மருமக கொண்டு வந்தது, வர்றவங்க எல்லாம் பாக்கட்டும்"னு மெஸ் வாசல்லயே, கல்லாவுக்குப் பக்கத்துல, தொட்டிய வச்சிட்டாங்க. மோட்டார் போட்டா குபுகுபுகுபுன்னு குமிழி. பிள்ளைங்க எல்லாம் கண்ணாடியில மூக்க அழுத்திக்கிட்டு நிக்கும், உன்ன மாதிரி.

ம்.

ஒரு வாரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு நாள் காலையில சுகந்தி வந்து பாக்கறா, ஒரு கருப்பு மோலி மல்லாந்து மிதக்குது.

அய்யோன்னு கல்லாப் பக்கம் திரும்பினா. கல்லாவுல யாரு உக்காந்திருக்கா? சிங்காரம் மாமா. ராஜாமணியம்மாவோட தம்பி. வெத்தலைய மென்னுக்கிட்டே, காசை எண்ணிக்கிட்டே, யாருக்கோ சொல்ற மாதிரி சொன்னாரு. "சீரா வந்த உயிரு. வந்த சூட்டோட ஒண்ணு போயிடுச்சு. ம்ஹும். எனக்கு என்னமோ நல்லதாப் படல."

இந்த மாதிரி ஆளைப் பாத்தா எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். மீனு செத்தா மீனு செத்துச்சு, அதுக்கும் வீட்டுக்கு வந்த பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா சுகந்தி புதுசா வந்தவ. அவளால என்னை மாதிரி திருப்பிக் கேக்க முடியுமா? மனசுக்குள்ள ஒரு முள்ளு ஏறிக்கிச்சு. இந்த அஞ்சும் போயிட்டா, நாளைக்கு இந்த வீட்ல பால் பொங்கி வழிஞ்சாலும் நான் வந்த நேரம்தான்னு சொல்லுவாங்களேன்னு நெனச்சா. மிச்சம் இருக்கற நாலையும் எப்படியாச்சும் காப்பாத்தியே ஆகணும்னு முடிவு பண்ணா.

என்ன பண்ணலாம்னு யோசிச்சா. தொட்டி அழுக்கா இருக்கு, அதான்னு தோணுச்சு. உடனே மீனையெல்லாம் ஒரு குண்டான்ல விட்டா. தண்ணிய மொத்தமா, சளார்னு, வாசல்ல கொட்டினா. கூழாங்கல்லை தேங்காநாரு வச்சு சரக்கு சரக்குன்னு தேச்சா. மோட்டார்ல ஒரு கருப்பு ஸ்பாஞ்ச் இருக்கும், அது வழவழன்னு பாசியா இருந்துச்சு, அதைக் குழாய்க்கடியில பிடிச்சுப் பிழி பிழின்னு பிழிஞ்சா. அப்புறம் குழாய்லேருந்து புதுத் தண்ணி, பிளீச்சிங் வாசனையோட, தளும்பத் தளும்ப. தொட்டி பளபளன்னு ஆயிடுச்சு. சாப்பிட வந்தவங்க எல்லாம் பாராட்டினாங்க.

மறுநாள் ஒரு ஆரஞ்சுக் குட்டி போயிடுச்சு.

செத்துடுச்சா?

செத்துடுச்சு கண்ணு. என்ன பண்றது. கேளு.

மிச்சம் மூணு. ஒரு மோலி, ஒரு ஆரஞ்சு, அந்த ஏஞ்சலு. மூணும் தண்ணிக்கு மேல வந்து, வாயத் தெறந்து, மூடி, தெறந்து, மூடி, ப்ளப் ப்ளப்னு. சாப்பிட வந்த ஒரு பெரியவர் "மஞ்சப்பொடி போடும்மா, கிருமி சாகும்"னாரு. சுகந்தி போட்டா. தண்ணி ரசம் மாதிரி ஆச்சு. மீனு மேல வந்து இன்னும் வேகமா ப்ளப் ப்ளப் ப்ளப். சிங்காரம் மாமா தலைய மட்டும் ஆட்டினாரு. அது பேசினதை விட மோசமா இருந்துச்சு அவளுக்கு. சோத்துக்கு உக்காந்தா, தட்டுல பிசைஞ்சு பிசைஞ்சு, அப்படியே எழுந்து போயிடுவா.

ம்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், பந்தி நடக்குது. ஒரே கூட்டம். சுகந்திக்குக் கையும் ஓடல காலும் ஓடல, தொட்டிக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டா. உக்காந்து சும்மா பாத்துக்கிட்டே இருந்தா.

அப்போ என்ன நடந்துச்சு? ராஜாமணியம்மா கரண்டியோட அந்தப் பக்கமா போனாங்க. மீனு வாயத் தெறக்கறதைப் பாத்தாங்க. "அய்யோ பாவம், பசி, எப்படிக் கேக்குது பாரு"ன்னு ஒரு பிடி சோறு. பொலக். அப்புறம் கை கழுவ வந்த ஒரு டிரைவர், "பசிக்குதா கண்ணுகளா?"ன்னு அப்பளத்துண்டு. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு வடையில ஒரு விள்ளல். இலை எடுக்கறவங்க இட்லி. கதிரேசன், அவ புருஷன், அடுப்படியிலேருந்து வந்து அவன் பங்குக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி. சிங்காரம் மாமா கூட, யாரும் பாக்கலன்னு நெனச்சு, பொரிகடலை. எல்லாருக்கும் பாசம்தான். ஒருத்தர் மேலயும் தப்பு சொல்ல முடியாது.

ஆனா சுகந்தி ஒண்ணு கவனிச்சா. சோறு அந்த ஏஞ்சல் மீனோட மூக்குக்குப் பக்கத்துலயே விழுது. அது திரும்பிக் கூடப் பாக்கல. வாயத் தெறந்து தெறந்து மூடுது, சோறு பாட்டுக்கு அடியில போய் உக்காருது. அடியில பாத்தா வெள்ளையா, நூலு நூலா, ஊசிப்போன சோறு.

பசின்னா தின்னுமே? திங்கலையே? அப்போ இது பசி இல்ல. இது மூச்சு முட்டுது. இதுங்க காப்பாத்துங்க காப்பாத்துங்கன்னு வாயத் தெறக்குதுங்க, நாம சாப்பிடு சாப்பிடுன்னு அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டிருக்கோம்!

ம்!

ஓடிப் போய் அண்ணனுக்கு போன் போட்டா. நடந்ததைச் சொல்லி அழுதா. அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அழாதடி. ஒறைக்கு மோர் ஊத்தாம பால் தயிராகுமா?"ன்னு கேட்டான்.

"ஆகாது."

"அப்படித்தான். திங்காம விட்ட தீனியும் மீனோட கழிவும் தண்ணியில கிடந்து விஷமா மாறும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணி பளிச்னுதான் இருக்கும். பழைய தொட்டியில அந்த விஷத்தைத் தின்னுற நல்ல கிருமி ஸ்பாஞ்ச்ல குடியிருக்கும். உன் தொட்டி புதுசு, அதுல கிருமி இப்பத்தான் ஒண்ணு ரெண்டு வந்திருக்கும். அதையும் நீ குழாயில பிழிஞ்சு விட்டுட்ட. தப்பு என்மேலதான், சொல்லாம குடுத்துட்டேன்."

"இப்ப என்ன பண்ண?"

"என் பழைய தொட்டி ஸ்பாஞ்ச, அதுதான் ஒறை, ஈரத்தோட பஸ்ல குடுத்து விடறேன். அழுக்கா இருக்கும், கழுவிடாத, அப்படியே போடு. தண்ணிய நாலுல ஒரு பங்கு மட்டும் தினமும் மாத்து. முந்தின நாளே அண்டாவுல பிடிச்சு வச்ச தண்ணியா இருக்கட்டும், பிளீச்சிங் போயிடும். அப்புறம் முக்கியமானது ஒண்ணு. ரெண்டு நாளைக்கு யாரும் ஒரு பருக்கை கூடப் போடக் கூடாது."

மொத ரெண்டும் அவ கையில இருக்கு. மூணாவது? அந்த மெஸ்ல, ராஜாமணியம்மாகிட்டப் போய், "சோறு போடாதீங்க"ன்னு யாரு சொல்லுவா? அந்தச் சுவரு கூட அந்த வார்த்தையைக் கேட்டதில்ல.

சாயங்காலம் பஸ் கண்டக்டர் ஒரு பாலிதீன் பையக் குடுத்தாரு. உள்ள கருப்பா, கொழகொழன்னு, சாக்கடை மாதிரி ஒரு ஸ்பாஞ்ச். ராஜாமணியம்மா மூக்கைப் பிடிச்சுக்கிட்டாங்க. "சீ, இதையா போடற?" சுகந்தி அதைக் கழுவாம அப்படியே எடுத்தா. உள்ள விட்டா. ஒரு ட்யூப வச்சு அடியில கிடந்த சோத்தையெல்லாம் சர்ருனு உறிஞ்சி எடுத்தா. மெஸ்ல நேத்தே பிடிச்சு வச்சிருந்த அண்டாத் தண்ணிய மெதுவா ஊத்தினா. அப்போ பாத்தா அந்த ஏஞ்சலு ஒருக்களிச்சுச் சாஞ்சு கிடக்கு. ரெக்கை ஒட்டிப் போச்சு.

ராஜாமணியம்மா அதைப் பாத்தாங்க. "அடியே, ஒரு வாய் உள்ள போனாத்தானே தெம்பு வரும்"னு, கை நிறைய சோத்தோட வந்தாங்க.

சுகந்தி வாயத் தெறந்தா. சத்தம் வரல. மறுபடியும் தெறந்தா. "அத்தே..."ன்னு மட்டும் வந்துச்சு. அந்தக் கை தண்ணிக்கு மேல போயிடுச்சு. அப்போ அவ என்ன பண்ணா தெரியுமா? பட்டுனு அந்தக் கையப் பிடிச்சிட்டா.

"போடாதீங்க அத்தே."

டங்! அடுப்படியில யாரோ கரண்டியக் கீழ போட்டுட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க கை அப்படியே நின்னுச்சு.

"என் வீட்ல, என் கையால, ஒரு உயிருக்குச் சோறு போடக் கூடாதா?"

"ரெண்டே நாள் அத்தே. போட்டா செத்துடும். பசியில சாகல, நாம போட்டதுல சாகுது." சொல்லிக்கிட்டே, பிடிச்ச கைய அவ விடல.

ராஜாமணியம்மா கைய இழுத்துக்கிட்டாங்க. கையில இருந்த சோத்தைக் காக்காவுக்கு வச்சிட்டு உள்ள போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி இலை போட்டாங்க, அந்தம்மா உக்காரல. மறுநாள் காலையிலயும் உக்காரல. கதிரேசன் போய்க் கெஞ்சினான். அந்தம்மா சொன்னாங்க, "வாசல்ல மூணு உயிரு பட்டினி கிடக்கையில எனக்கு எப்படிடா இறங்கும்?"

சுகந்திக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்லு. மாமியார் பட்டினி. மாமியார் பட்டினின்னு இவளும் பட்டினி. மீனு போயிட்டா? சோறு போடவும் விடல, காப்பாத்தவும் இல்லன்னு ஆயிடுமே? நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடி வந்து தொட்டியப் பாப்பா. கண்ணாடியில கை வச்சுக்கிட்டு, "போயிடாதீங்கடி, போயிடாதீங்கடி"ன்னு கெஞ்சுவா. மீனுக்குக் காது கேக்குமான்னு எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சதையெல்லாம் செஞ்சிட்டா. இனிமே சும்மா இருக்கறதுதான் வேலை. அதை விடக் கஷ்டமான வேலை உலகத்துல இருக்கா?

என்ன, "ம்" காணோம்?

...ம்.

முழிச்சுக்கிட்டுதான் இருக்க. சரி. ரெண்டாம் நாள் சாயங்காலம். சுகந்தி பயந்து பயந்து வந்து பாக்கறா. தண்ணிக்கு மேல ஒரு மீனையும் காணோம்! உசிரே போயிடுச்சு அவளுக்கு. குனிஞ்சு பாக்கறா. அங்க, கீழ, கூழாங்கல்லுக்கிட்ட, மோலியும் ஆரஞ்சும் மூக்கால கல்ல முட்டி முட்டித் தேடுதுங்க. டொக். டொக். ஏஞ்சலு நடுத்தண்ணியில, நேரா, ரெக்கைய விரிச்சுக்கிட்டு நிக்குது. வாய் மூடியிருக்கு. செவுளு மெதுவா, மெதுவா அசையுது.

"அத்தே!"ன்னு கத்தினா. ராஜாமணியம்மா விழுந்தடிச்சு ஓடி வந்தாங்க. சுகந்தி அவங்க கைய விரிச்சு, உள்ளங்கையில நகக்கண்ணு அளவு தீனி வச்சா. "நீங்க போடுங்க அத்தே. இவ்ளோதான், ஒரு நாளைக்கு ஒரு தடவை."

"இவ்ளோண்டா?"ன்னு அந்தம்மா அவளைப் பாத்தாங்க. அப்புறம் போட்டாங்க. டப். டப். டப். மூணும் பாஞ்சு வந்து தின்னுச்சு. ஒண்ணு கூடக் கீழ விழல.

"அடியே, திங்குதுடி! திங்குதுடி சுகந்தி!"ன்னு அந்தம்மா அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "ரெண்டு இலை போடு, பசி காதை அடைக்குது. நீயும் உக்காரு என்கூட"ன்னாங்க.

ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடறாங்க. அப்போ கை கழுவ வந்த ஒரு ஆளு, மீனைப் பாத்துட்டு, வடையப் பிச்சுக்கிட்டுக் கைய நீட்டினாரு. சுகந்தி சோத்தை எடுத்த கையோட மாமியாரைப் பாத்தா. வந்தவரைப் போடாதீங்கன்னு இந்தம்மா எப்படிச் சொல்லுவாங்க, ஜென்மத்துல சொன்னதில்லையே?

ராஜாமணியம்மா இலையிலேருந்து தலையத் தூக்கி, சத்தமாச் சொன்னாங்க. "தம்பி! அதுங்க சாப்ட்டாச்சு. நீங்க சாப்பிடுங்க."

அன்னிலேருந்து அந்த மெஸ்ஸுல யாரு கை நீட்டினாலும் அதே பதில்தான். அதுங்க சாப்ட்டாச்சு.

மீனு... தூங்குமா?

தூங்கும் கண்ணு. ஆனா கண்ண மூடாது, அதுக்கு மூடத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? மூடு. மீனு தண்ணிக்குள்ள, நீ போர்வைக்குள்ள. கதை இவ்ளோதான், தூங்கு.