மூச்சுக்குழாயின் அடியில் இருப்பவளுக்கு ஏன் பெயரில்லை

உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்கள்கூட வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தேனெடுக்கும் கொம்பையனின் நெஞ்சுக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. ஏதாவது ஆக வேண்டுமென்றால் "ஏ, இவளே" என்றுதான் கூப்பிட வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஒருத்தியும் எழுந்து வரமாட்டாள். போவதும் வருவதுமாக ஓயாமல் அலைந்த மூச்சம்மாவுக்கு இது பெரிய தலைவலி. பெயர் வைக்கும் வேலையையும் அவளே தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

செய்கிற வேலைதான் பெயர். பெயர் விழுந்துவிட்டால் உடம்பும் அந்த வேலைக்கே இறுகிவிடும், பிறகு மாற்ற முடியாது. மெல்லிய மயிர்களை அசைத்துத் தூசியை மேலே தள்ளியவள் பெருக்கி ஆனாள். வழவழவென்று சளி சுரந்தவள் சளிக்காரி. நுரையீரலின் கடைசி அறைகளில் மெல்லிசாகப் படுத்துக் காற்றை ரத்தத்துக்குள் விட்டவள் பரப்பி.

அப்பாடா என்று மூச்சம்மா சாயப் போனபோது, மூச்சுக்குழாய்ச் சுவரின் அடியில் குந்தியிருந்த ஒருத்தி கூப்பிட்டாள்.

"அம்மா, எனக்கு?"

"நீ என்ன வேலை செய்யுற?"

"மேல இருக்கறவங்களைத் தாங்கிக்கிட்டு இருக்கேன்."

"அதெல்லாம் ஒரு வேலையாடி? எனக்கு அசதியா வருது. அப்புறம் பாக்கலாம்."

அந்த அப்புறம் வரவேயில்லை. மூச்சம்மா கடந்து போகும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். மூச்சம்மா பார்க்காததுபோலப் போய்விடுவாள். பாவம், களைத்தவளுக்குக் கண் தெரியுமா?

ஒருநாள் தேனீயை விரட்டக் கொம்பையன் பச்சைத் தழையைக் கொளுத்தினான். காற்று திரும்பி, புகை முழுக்க அவன் நெஞ்சுக்குள் இறங்கியது. பெருக்கிகள் எல்லோரும் கருகி விழுந்தார்கள். தள்ள ஆளில்லாமல் சளி குழாயை அடைத்தது. மூச்சம்மாவால் உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. கொம்பையன் கண் செருகிப் பாறையில் சரிந்தான்.

"யாராவது பெருக்குங்கடி!" என்று அவள் கெஞ்சினாள்.

"நான் சளிக்காரியா ஆயிட்டேனே. பெருக்க எனக்கு வருமா?"

"நீங்க வெச்ச பேருதானேம்மா," என்றாள் பரப்பி.

மூச்சம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது அடியில் இருந்தவள் தன்னை இரண்டாகப் பிளந்துகொண்டாள். ஒரு பாதி அங்கேயே நின்றது. மறுபாதி மேலே ஏறி, மயிர் முளைத்து, பெருக்கத் தொடங்கியது. மறுபடியும் பிளந்தாள். மறுபடியும். வழி திறந்தது. கொம்பையன் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான்.

மூச்சம்மா வெட்கத்தோடு குனிந்தாள். "என்ன பேர் வேணும், கேளு தாயி."

அவளுக்கு ஆசை இல்லாமலா? அதற்காகத்தானே அத்தனை நாளும் காத்துக் கிடந்தாள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"பேர் வாங்கிட்டா நானும் இறுகிடுவேனேம்மா. மறுபடி புகை வந்தா யாரு ஏறுவா? மேல போன என் பொண்ணுங்களுக்குக் குடுங்க. எனக்கு வேணாம்."

மூச்சம்மா மேலே போன மகள்களுக்குப் பெருக்கி என்று பெயர் வைத்தாள். நின்று யோசிக்க நேரமில்லாமல் மறுபடி அலையப் போனாள்.

அன்று முதல்தான், புகையோ நோயோ மேலே இருப்பவர்களை அழிக்கும்போதெல்லாம், நம் மூச்சுக்குழாயின் அடியில் இருப்பவள் இரண்டாகிறாள். மகள் பெயர் வாங்க மேலே போகிறாள், பெற்றவள் பெயரில்லாமல் அங்கேயே குந்திக்கொள்கிறாள்.