சுடாத தோட்டாக்கள்

தங்கையனை அருமைநாயகம் கடைசியாக உயிரோடு பார்த்தது துப்பாக்கிக் கடை வாசலில்தான். ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டே, "அண்ணாச்சி கை பட்ட தோட்டா. ஆனை என்ன, அதுக்க அப்பனே வந்தாலும் ஓடும்" என்று சிரித்தான். ரப்பர் எஸ்டேட்டில் யானைக் காவலுக்கு ஜீப் ஏறினான்.

யானை ஓடவில்லை. இரண்டு வெடிக்குத் தயங்கி நின்றது. மூன்றாவதற்கு ரிவால்வரின் உருளை சுழலவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் அருமைநாயகம் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு வந்தார். ஆசான் வேதமாணிக்கம் அவரைவிட வயதில் இளையவர். தோட்டா செய்யக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் ஆசான்.

"ஆசானே, நான் எந்த அச்சை எடுத்திருக்கணும்?"

"எதை எடுத்தீங்க?"

"குண்டைப் பிடிச்சு நிறுத்த, தோட்டாக் கூட்டுக்க வாயை லேசா நெருக்குற அச்சு. உள்ளே மடக்குற அச்சுல போட்டா பித்தளை சீக்கிரம் கிழிஞ்சிருது. கூடு கிடைக்கிறதே பெரும்பாடு."

"சுட்டுப் பாத்தீங்களா?"

"பாக்காம கொடுப்பேனா? ஒவ்வொண்ணா போட்டுச் சுட்டேன். ஒண்ணுகூடப் பிசகல்ல."

அதே அச்சில் செய்து கடையில் கிடந்த தோட்டாக்களை எடுத்து, ஆசான் ஒரு ரிவால்வரின் ஆறு அறைகளையும் நிரப்பினார். பின்னால் இருந்த மண்மேட்டைக் காட்டினார்.

"ரெண்டு சுடுங்க."

சுட்டார். இரண்டு முறையும் மணிக்கட்டு உதறியது.

ஆசான் உருளையைத் தட்டித் திறந்து, மிச்சம் நாலையும் அவர் உள்ளங்கையில் கொட்டினார். ஈயக் குண்டுகள் கூட்டைவிட்டு முன்னால் நகர்ந்திருந்தன. ஒன்று துருத்திக்கொண்டே நின்றது.

"இதை நான் சுடவே இல்லையே."

"உதை எல்லாத்துக்கும்தானே விழுது. குண்டு முன்னால துருத்தி முட்டினா உருளை எங்கே சுழலும்? நீங்க ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தீங்க. பக்கத்து அறையில காத்துக்கிடக்க ஒண்ணும் இல்ல."

அருமைநாயகம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இனி நான் அச்சைத் தொடமாட்டேன். அவன் பெண்சாதி காலில போய் விழுறேன். வேற என்ன செய்ய, ஆசானே?"

"அதெல்லாம் பிறகு. எழும்புங்க. எஸ்டேட்டுக்குப் போகணும்."

"அங்கே என்ன இருக்கு?"

"தங்கையனுக்க ரிவால்வரை இன்னிக்குக் காலையில அவன் தம்பி கையில கொடுத்து யானைக் காவலுக்கு மேலே அனுப்பியிருக்கான் மேனேஜர். அண்ணன் விட்டுட்டுப் போன தோட்டாதான் அவன் இடுப்புல இருக்கு."