கருவாட்டோடு மலையேறியவர்

"சாமி, ஒரு காவி வேட்டி கொடுங்க. இனி எனக்கு வீடும் இல்ல, மகளும் இல்ல."

கேட்டவர் எத்திராஜ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சாமிக்கு அவரிடம் படித்த பிள்ளைகளின் வயசுதான் இருக்கும்.

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கடைசியில்தான் கிடைக்கும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். வாத்தியாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அவர் கையில் ஒரு பொட்டலம். அதன் நாற்றம் ஆசிரமத்து ஊதுபத்தியை அடித்துத் துரத்திக்கொண்டிருந்தது.

"என்னய்யா அது?"

"நெத்திலிக் கருவாடு. ஜமீனுக்கு."

ஜமீன் அவர் வீட்டுப் பூனை. பதினொரு வருஷம் அவர் மடியைப் பட்டா போட்டு ஆண்ட பூனை.

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தியானம் பண்ண வாத்தியார் இந்த மலைக்கு வந்திருந்தார். ஒன்பதாம் நாள் ஜமீன் செத்துப்போனது. வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சொல்லாததுகூடப் போகட்டும். தினம் சாயங்காலம் சாமியின் அறையிலிருந்து வீட்டுக்கு போன் போடுவார். மனைவி எடுத்ததும், ஜமீன்கிட்ட கொடு என்பார். மிச்சம் முப்பத்தொன்பது நாளும் அந்தப் பக்கம் மியாவ் சொன்னது அவர் மகள் குமுதினி.

அவள் அப்படித்தான். கீரைக்காரம்மா குரலில் கூவித் தெருவையே வாசலுக்கு இழுப்பாள். குக்கர் மாதிரி விசிலடித்து அம்மாவை அடுப்படிக்கு ஓடவைப்பாள். ஆறு மாசத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில், அப்பாவின் குரலில், அவர் இருமலையும் சேர்த்து, "எக்ஸ் எங்கே, ஒய் எங்கே, உன் மூளை எங்கே?" என்று பாடம் நடத்தினாள். பந்தியே புரையேறிச் சிரித்தது. அன்றோடு வாத்தியார் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

இன்று காலை ஜமீனுக்குக் கருவாடு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவருக்கு முருங்கை மரத்தடியில் ஒரு மண்மேட்டைக் காட்டினார்கள்.

ஆறு மாசம் கழித்து மகளிடம் வாய் திறந்தார். நீ என் மகளே இல்லை என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல், பொட்டலத்தோடு மறுபடி மலையேறிவிட்டார்.

கேட்டுவிட்டு சாமி சிரித்தார்.

"சிரிக்காதீங்க சாமி. அதுக்கு ஒரு கடைசி வார்த்தை சொல்லி அனுப்ப எனக்குக் கொடுத்துவைக்கல. செத்த பூனையைக் கொஞ்சவெச்சிருக்கா. போனைப் பிடிச்சுக்கிட்டு வாயைப் பொத்திச் சிரிச்சிருப்பா."

என்னதான் கொஞ்சினீர்கள் என்று சாமி கேட்டார்.

வாத்தியார் பற்களுக்கு நடுவே ஒப்பித்தார். சாப்பிட்டியாடா கண்ணு. மழையில நனையாதே. அந்தக் கழுதை பரீட்சைக்குப் படிக்குதா? கரண்டு போனா அது பக்கத்துல போய்ப் படுத்துக்க, அதுக்கு இருட்டுன்னா பயம்.

"கழுதை யாருய்யா?"

"குமுதினிதான். எங்க வீட்டுல வேற எது கழுதை?"

"அதுக்கெல்லாம் பூனை என்ன சொல்லிச்சு?"

"மியாவ்னுச்சு." வாத்தியார் பொட்டலத்தைத் தரையில் அறைந்தார். "பூனை இல்ல சாமி. அவ. எத்தனை தடவை சொல்றது?"

"சரி, நேத்து? கடைசியா பேசினீங்களே."

வாத்தியார் சாமியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்கு வந்துடுவேன்டா ஜமீனுன்னேன். வந்தாலும் அந்தக் கழுதைகிட்ட எப்படிப் பேச ஆரம்பிக்கறதுன்னு தெரியலடான்னேன். ஆறு மாசமா தொண்டையில முள்ளு மாதிரி நிக்குதுன்னேன். பூனைகிட்டதானேன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."

"அதுக்கும் மியாவா?"

"இல்ல. நேத்து மியாவே வரல. மூக்கை உறிஞ்சுற சத்தம்தான் வந்துது. ரொம்ப நேரம். நான்கூட, பாவம், ஜமீனுக்குச் சளி பிடிச்சிருக்குன்னு..."

வாத்தியார் பாதியில் நிறுத்தினார்.