பச்சை மரப் பாலம்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஊராட்சித் தலைவர் தங்கமுத்து ஓடையின் மேல் ஒரு பாலம் கட்டினார். ஈரம் காயாத பச்சை மரம். அடுத்த மழைக்கே பலகை உளுத்து முறிந்தது. அதோடு விழுந்த இருளாண்டி பிணமாகத்தான் கிடைத்தான்.

தலைவர் அதே மரத்தில் மறுபடி பலகை போட்டார். ஊரார் கால் வைக்கப் பயந்தார்கள். அவர் இருளாண்டியின் மனைவி பேச்சியைக் கூப்பிட்டார்.

"மரம் நல்ல மரம், உன் புருசன் குடிச்சிட்டு விழுந்தான்னு ஊர் முன்னால சொல்லு. இல்லேன்னா உனக்கு எவனும் வேலை தரமாட்டான்."

பிள்ளைகளை நினைத்து அழுதபடி பேச்சி தலையாட்டினாள்.

ஊர் கூடியது.

"மரம் நல்ல மரந்தான். அவருதான் குடிச்சிட்டு விழுந்தாரு," என்றாள். "தலைவரய்யா குடிக்காதவங்க. அவங்க முதல்ல நடக்கட்டும், பின்னாலயே நாம போவோம்."

தலைவர் பலகையில் ஒரு கால் வைத்தார். கீழே வெள்ளத்தைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் இறங்கிப் பலகைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். வேறு வழியில்லாமல் தலைவர், சூளையில் உலர்த்தி உள்வரை மருந்து ஏற்றிய மரத்தை வரவழைத்துப் பாலம் போட்டார். அது எந்த மழைக்கும் உளுக்கவில்லை, கரையானும் அண்டவில்லை.

பேச்சி தினமும் அதில் போய் வந்தாள். புருசனைப் புதைத்த இடம் அக்கரையில் இருந்தது.