வெறும் பாறையைப் படித்தவர்கள்

ஒரு காட்டில், நாவல் மரங்கள் கூட்டமாக நிற்கும் ஓர் இறக்கத்தில், கூரன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. மற்ற முள்ளம்பன்றிகள் கிழங்கு தோண்டும், தின்னும், தூங்கும். கூரனுக்கு மட்டும் ஒரு கிறுக்கு உண்டு. அது எழுதும்.

எழுதுவது என்றால் உங்களைப் போல நோட்டிலும் பேனாவிலும் அல்ல, பிள்ளைகளே. தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள்தான் அதற்குப் பேனா. நாவல் பழத்தைப் பிழிந்து ஒரு சுரைக்குடுக்கையில் ஊற்றி வைத்திருக்கும், அதுதான் மை. இறக்கத்தின் நடுவே வெளுப்பாக, நிமிர்ந்து நின்ற ஒரு பாறைதான் தாள்.

இரவெல்லாம் காட்டைச் சுற்றிவிட்டு வரும் கூரன், பொழுது விடிகிற நேரத்தில் பழைய எழுத்தை ஈர இலையால் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதும். "அத்தி மரத்தில் பழம் உதிர ஆரம்பித்துவிட்டது." "யானைகள் மேற்கே போகின்றன, குட்டிகளோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்." "ஓடைக்கு இன்று மூங்கில் வழியே போகலாம்." "ஓடைக்கு இன்று மேட்டு வழியே போங்கள், சுற்று என்றாலும் பரவாயில்லை." நடுநடுவே, வழியில் பார்த்த நத்தையைப் பற்றியும் தனக்கு வந்த தும்மலைப் பற்றியும்கூட எழுதும். மூன்று வருஷமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சல் வந்த அன்றுகூட, "இன்று காய்ச்சல். மற்றதை நாளை பார்ப்போம்" என்று எழுதிவிட்டுத்தான் போய்ப் படுத்தது.

அதற்கு வாசகர்கள் மூன்று பேர். ஒன்று, இலை விழுந்தாலே நடுங்கும் முயல், நான்கு குட்டிகளின் தாய். இன்னொன்று, பாதி நாள் நடந்து வந்து ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்கும் ஆமை. மூன்றாவது உடும்பு. அதற்கு எதையும் அப்படியே ஒத்துக்கொள்ளத் தெரியாது.

படித்து முடித்தவர்கள் பாறையடி மணலில் தங்கள் பதிலைக் கீறிவிட்டுப் போவார்கள். "அத்திப் பழம் தானா உதிரலை, குரங்கு உலுக்கினது" என்று உடும்பு கீறும். "தும்மல் எப்படி இருக்கு?" என்று முயல் கேட்கும். மறுநாள் கூரனின் முதல் வரி இவற்றுக்குப் பதிலாகத்தான் இருக்கும்.

நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? ஆனால் கூரன் ஒரு நாள் மணலில் பதிந்த காலடிகளை எண்ணத் தொடங்கியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முயல் தடம், ஆமை தடம், உடும்பு தடம். நேற்றும் அதே மூன்று. முந்தாநாளும் அதே மூன்று. அந்த வாரம் ஒரு குரங்கு வாழைப்பூ மடலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சும்மா நின்றதற்குக் காடே கூடி வேடிக்கை பார்த்தது. கூரனுக்கு வயிறு எரிந்தது.

"மூணு வருஷம் எழுதி மூணே பேரு. இதுக்குக் கிழங்கு தோண்டியிருந்தா வயிறாவது நிறைஞ்சிருக்கும்" என்று அது வாய்விட்டே சொல்லிப் புலம்பியது.

மேலே நாவல் கிளையில் ஒரு மரநாய் படுத்திருந்தது. பழம் என்றால் உயிரை விடும் ஜாதி அது. காலைத் தொங்கவிட்டபடி கீழே எட்டிப் பார்த்தது.

"கூரா, உன் எழுத்துக்கு என்ன குறை? கூட்டம் சேர்க்கத் தெரியலை, அவ்வளவுதான். நாளைக்கே நாப்பது காகத்தைக் கூட்டிக்கிட்டு வர்றேன். எனக்கும் காகங்களுக்கும் தினமும் ஒரு கூடை நாவப்பழம் குடு, போதும்."

"நாப்பதா?" கூரனின் முட்கள் எல்லாம் சிலிர்த்துக்கொண்டன.

"நாப்பதுன்னு குறைச்சுச் சொன்னேன்."

மறுநாள் காலை கூரன் எழுதி முடித்துத் திரும்பியபோது பாறைக்கு முன்னால் கறுப்பாக ஒரே காகக் கூட்டம். "ஆகா! அருமை! பிரமாதம்! இந்த மாதிரி யாரும் எழுதினதே இல்லை!" என்று அவை போட்ட சத்தத்தில் பக்கத்து மரத்துக் குருவிகள் எல்லாம் பறந்து ஓடின. மணல் முழுக்கக் காகத் தடம். கூரனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று அது தூங்கவே இல்லை, மணலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு எழுத்தும் மாறிப்போனது. முதல் நாள், "நான் எழுத வந்த கதை." மறுநாள், "என் முள்ளின் அழகு." அதற்கு மறுநாள், "என் முள்ளின் அழகு, இரண்டாம் பாகம்." ஓடைக்குப் போகும் வழியை மட்டும் பழக்கத்தின் காரணமாக ஒரு மூலையில் பொடியாக எழுதி வைத்தது. முயலும் ஆமையும் உடும்பும் மணலில் கீறியதை நாற்பது ஜோடிக் கால்கள் மிதித்து அழித்துவிட்டன. மணலில் ஏதாவது கீறியிருந்ததா என்று கூரனும் பார்க்கவில்லை. பழைய வாசகர்கள் வருவதை விட்டுவிட்டார்கள் என்றே அது நினைத்துக்கொண்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது பிள்ளைகளே, அதற்காக அது வருத்தப்படவும் இல்லை.

நாவல் மரம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பத்தாவது நாள் கிளையில் இலைதான் மிச்சம்.

"பழம் இல்லைன்னா காகம் வராதே" என்றது மரநாய். பிறகு மெல்லச் சுரைக்குடுக்கையைப் பார்த்தது. "அதுல இருக்கிறதும் நாவல் சாறுதானே?"

கூரன் தயங்கியது. மை போனால் எழுதுவது எப்படி? ஆனால் கூட்டம் போய்விட்டால்? குடுக்கையை எடுத்து நீட்டியது. மரநாய் ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டது. அடியில் ஒட்டியிருக்கும் துளிகள் ஒரு நாளைக்குப் போதும் என்று கூரன் தன்னைத் தானே தேற்றிக்கொண்டது.

மறுநாள் விடிகிற நேரம். வழக்கமான சுற்றை முடித்துக்கொண்டு மூங்கில் வழியாகத் திரும்பிய கூரன் சட்டென்று நின்றது. ஈர மண்ணில் அகலமான தடங்கள். முயல் அந்த வழியாகத்தான் குட்டிகளைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகும். தடங்களோ மூங்கில் புதருக்குள்ளே போயிருந்தன, வெளியே வரவில்லை.

சிறுத்தை!

கூரன் விழுந்தடித்துக்கொண்டு பாறைக்கு ஓடியது. பழைய எழுத்தைத் துடைத்தது. முள்ளைக் குடுக்கைக்குள் விட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை. கவிழ்த்துத் தட்டிப் பார்த்தது. இரவு முழுக்கத் திறந்து கிடந்ததில் கடைசித் துளியும் காய்ந்து போயிருந்தது. நாவல் மரத்தடிக்கு ஓடி, உதிர்ந்த பழம் ஒன்றாவது கிடைக்காதா என்று சருகை எல்லாம் கிளறியது. கொட்டைகள்தான் கிடந்தன.

திரும்பி வந்தபோது காகங்கள் வந்திருந்தன. வெறும் பாறையைப் பார்த்து ஒரே ஆரவாரம்.

"ஆகா! அருமை! நேத்து எழுதினதைவிட இன்னைக்குப் பிரமாதம்!"

கூரன் வாயைப் பிளந்தது. "எதைப் படிச்சீங்க?"

"படிக்கிறதா?" முன்னால் நின்ற கிழட்டுக் காகம் தலையைச் சாய்த்துக் கேட்டது. "கத்தச் சொன்னாங்க, கத்துறோம். படிக்கணும்னா அதுக்குத் தனியா பழம் வேணும்."

"சரி, அது கிடக்கட்டும். மூங்கில் புதர்ல சிறுத்தை இருக்கு. உங்களுக்குத்தான் றெக்கை இருக்கே, யாராவது பறந்து போய் முயல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"பழம் எவ்வளவு?"

"பழமே இல்லை."

அவ்வளவுதான். நாற்பது காகங்களும் சடசடவென்று எழுந்து போயின. மரநாயை அதற்கு முன்பே காணோம். ஆளில்லாத பாறைக்கு முன்னால் கூரன் தனியாக நின்றது. அதற்கு அழுகையே வந்துவிட்டது. அழக்கூட நேரமில்லை, மூங்கில் வழியைப் பார்த்து ஓடியது.

அந்தக் குட்டிகளில் கடைசிக் குட்டிக்கு இன்னும் சரியாகத் தாவவே வராது. முயல் எழுத்தைத் தேடி வந்திருக்குமா? வந்திருந்தாலும் என்ன பயன், எழுதத்தான் இல்லையே!

புதருக்கு முன்னால் போய் முட்களை விரித்துக்கொண்டு நின்றது. உள்ளே சிறுத்தை படுத்திருந்தது. கண்ணைத் திறந்து, கூரனை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது.

"நீயா? உன்னைத் தின்னா வாய்தான் கிழியும். விடியறதுக்கு முன்னாடியிருந்து காத்துக் கிடக்கிறேன், ஒரு முயல்குட்டி வரலை, ஒரு எலி வரலை. என்ன காடு இது? எல்லாருக்கும் தாகமே எடுக்காதா?"

ஒரு முயல்குட்டியும் வரவில்லை! கூரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிறுத்தை திட்டியது அதன் காதில் தேனாகப் பாய்ந்தது. முதுகைச் சிறுத்தைக்குக் காட்டியபடி மெல்ல நகர்ந்து, கண்ணுக்கு மறைந்ததும், சிறுத்தை பின்னால் வந்துவிடாதபடி மேட்டு வழியாகச் சுற்றி, வெயில் நன்றாக ஏறிய பிறகே பாறைக்குத் திரும்பியது.

பாறையடியில் முயல் நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் நான்கு குட்டிகள். கூரன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணியது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் எண்ணியது. பக்கத்தில் உடும்பு.

"அண்ணே!" என்று கத்திக்கொண்டு முயல் கட்டிப்பிடிக்க ஓடி வந்தது. முட்களைப் பார்த்து ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. "உயிரோட இருக்கீங்களா அண்ணே?"

"நானா? நான் உங்களைத்தானே நினைச்சு ஓடினேன்! மூங்கில் புதர்ல சிறுத்தை இருக்கு. நீ ஏன் தண்ணிக்குப் போகலை?"

"எப்படிப் போவேன்?" என்றது முயல். "காகங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்து, அதுங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து படிச்சிட்டுப் போயிடுவேன். இன்னைக்கும் வந்தேன். பாறை வெறுமையா இருந்துச்சு. மூணு வருஷத்துல ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்லை. காய்ச்சல்லகூட எழுதின ஆளு எழுதலைன்னா, காட்டுல பெரிசா ஏதோ ஆபத்துன்னு அர்த்தம். குட்டிங்களுக்கு நாக்கு வறண்டுபோச்சு. ஆனாலும் ஓடைப் பக்கம் போக விடலை."

"நான் வேற மாதிரி நினைச்சேன்" என்றது உடும்பு. அதுதான் எதையும் ஒத்துக்கொள்ளாதே. "ஆபத்து காட்டுக்கு இல்லை, உனக்குத்தான்னு சொன்னேன். உன் முள்ளு எங்கேயாவது கிடக்குதான்னு பாறைச் சரிவு பூரா தேடிட்டு வர்றேன். என் முள்ளின் அழகு, இரண்டாம் பாகம்னு எழுதினியே, அதைப் பத்தி உன்கிட்டச் சண்டை போடணும். அதுக்குள்ள செத்துப்போனா எப்படி?"

கூரன் தலையைக் குனிந்துகொண்டது. எங்கே பார்ப்பது என்று அதற்குத் தெரியவில்லை. பிறகுதான் அதற்கு உறைத்தது.

"ஆமையண்ணன் எங்கே?"

முயலும் உடும்பும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. "உங்களைத் தேடி உங்க வளைக்குப் போனாரு" என்றது முயல். அதன் காதுகள் கீழே தொங்கிப்போயின. "அந்த வழி மூங்கிலை ஒட்டித்தானே போகுது."

கூரன் மறுபடியும் ஓடத் திரும்பியது. அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. நாவல் மரத்துக்குப் பின்னாலிருந்து சருகு நகரும் சத்தம் கேட்டது. மெதுவாக, மிக மெதுவாக, ஆமை வந்தது. கூரனைப் பார்த்ததும் நின்றது.

"வளையிலே தலையை விட்டுக் கூப்பிட்டேன் தம்பி" என்றது. "சத்தமே இல்லை. நம்ம ஆளு போயிட்டான்னு நினைச்சு, அங்கேயே உக்காந்து அழுதுட்டு வர்றேன்."

"புதர்ல சிறுத்தை இருந்ததே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஓட்டுக்குள்ள போயிட்டேன். உருட்டிப் பார்த்துட்டு, சலிச்சுப்போய் மலைப் பக்கம் போயிடுச்சு. அது கிடக்கு. நீ நல்லா இருக்கியா?"

கூரன் இந்த முறை அழுதே விட்டது. வெட்கப்பட்டு அழுதது பாதி, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களே என்று அழுதது பாதி. "மை தீர்ந்துபோச்சு அண்ணே. கூட்டத்துக்கு ஆசைப்பட்டு மரநாய்க்குக் குடுத்துட்டேன். உங்க யாருக்கும் பதில்கூட எழுதலை. நீங்க வர்றதையே நான் பார்க்கலை."

"நாங்கதான் வந்துக்கிட்டு இருந்தோமே" என்றது ஆமை.

முயல் அதற்குள் எங்கோ ஓடிப்போய் வாய் நிறைய இளந்தேக்குத் துளிரோடு வந்தது. "இதைக் கசக்கினா சிவப்பாச் சாறு வரும் அண்ணே. குட்டிங்க வாயெல்லாம் பூசிக்கிட்டு வந்து நிக்கும், தெரியாதா?" கசக்கியது. வந்தது. உடும்பு மட்டும், கறுப்பு மைதான் கண்ணுக்கு நல்லது என்று வாதம் செய்தது.

கூரன் முள்ளை எடுத்தது. பாறையின் நடுவில், பெரிய எழுத்தில் எழுதியது. "மூங்கில் புதரில் சிறுத்தை இருந்தது. மலைப் பக்கம் போயிருக்கிறது, ஆனாலும் நம்ப வேண்டாம். இன்று மேட்டு வழியே போங்கள். காலையில் எழுதாததற்கு மன்னியுங்கள். நாளை விடியும்போது எழுதுவேன்."

நாக்கு வறண்டிருந்தாலும் அது எழுதி முடிக்கும் வரை யாரும் நகரவில்லை. முயல் குட்டிகளுக்குப் படித்துக் காட்டியது. ஆமை ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தது. பிறகு எல்லாரும் சேர்ந்து, ஆமையின் வேகத்துக்கு நடந்து, மேட்டு வழியாக ஓடைக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள்.

நீதி: கைதட்டும் கூட்டத்தைத் தேடி அலையாதே, நீ ஒரு நாள் எழுதாவிட்டால் உனக்கு என்ன ஆயிற்றோ என்று தேடி வருகிறவர்களுக்காக நாள் தவறாமல் எழுது.